வீடின்மையும் மனநோயும்: வந்தனா கோபிகுமாரின் ஆய்வுகள்

வந்தனா கோபிகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்த சமூகப்பணியாளர், மனநல ஆய்வாளர். 1993 இல் வைஷ்ணவி ஜெயக்குமாருடன் இணைந்து சென்னையில் ‘தி பேன்யன்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வறுமை, வீடின்மை, மனநோய் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது இவருடைய ஆய்வுகளின் மையக்கருத்தாகும்.

பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர். இவர்களுள் மனநோயுடன் தெருவில் வாழ்வோரின் நிலை மிகவும் கடினமானது. பெயரோ ஊரோ சொல்ல இயலாதவரை மருத்துவமனையும் காப்பகமும் ஏற்கத் தயங்கின. 1987 ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, அலைந்து திரியும் மனநோயாளியைக் காவல்துறை நடுவர்முன் நிறுத்தி ஆணை பெற்றே சேர்க்கவேண்டியிருந்தது. 2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீவிபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தனர். மனநோயாளிகளைப் பூட்டிவைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதை அது நாடு முழுவதற்கும் உணர்த்தியது.

மூன்றின் பிணைப்பு

மனநோய் வந்தவர் வேலையை இழக்கிறார். வருமானம் நின்றதும் மருத்துவம் நிற்கிறது. நோய் முற்றும்போது குடும்ப உறவு முறிகிறது. பெண்ணாயின் கணவர் கைவிடுவதும் பிறந்தவீடு ஏற்காததும் சேர்ந்துகொள்கின்றன. பேருந்திலோ தொடர்வண்டியிலோ ஏறி மொழி தெரியாத ஊரில் இறங்குபவர் அங்கேயே தெருவாசியாகிறார். தெரு வாழ்வின் பசி, உறக்கமின்மை, வன்முறை ஆகியவை நோயை மேலும் கூட்டுகின்றன. இதனால் மருந்து மட்டும் கொடுத்தால் இந்தச் சுழல் அறாது என்பது இவ்வாய்வுகளின் முடிவு. வந்தனாவும் சக ஆய்வாளர்களும் 2015 இல் ‘எக்கனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்தனர்.

மனவடு

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் 1980 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. போர், விபத்து போன்ற நிகழ்வுகளே அப்போது பெரிதும் கருதப்பட்டன. நீண்டகாலம் திரும்பத் திரும்ப நேரும் கொடுமையின் விளைவு வேறுபட்டது என்று உளமருத்துவர் சூடித் எர்மன் 1992 இல் எடுத்துக்காட்டினார். வீடற்றோரின் மனவடு இவ்வகையைச் சார்ந்தது. வீட்டில் பட்ட அடி, கைவிடப்பட்டது, தெருவில் நேர்ந்த வன்முறை என அது அடுக்கடுக்காகச் சேர்கிறது. எவரையும் நம்பாமை, உணவை மறுத்தல், இரவில் விழித்திருத்தல் ஆகியவை நோயின் அறிகுறிகளாக மட்டுமன்றி, உயிரைக் காத்துக்கொள்ளப் பழகிய வழிகளாகவும் இருக்கலாம். ஆகவே வலுக்கட்டாயமாகப் பிடித்து அடைப்பது பழைய காயத்தையே மீண்டும் கிளறும்.

வீடே மருத்துவம்

பேன்யன் நிறுவனம் தொடக்கத்தில் தெருவில் காணும் பெண்களுக்குச் சிகிச்சையளித்துக் குடும்பத்துடன் சேர்ப்பதையே இலக்காகக் கொண்டது. சென்னை முகப்பேரிலுள்ள இதன் இல்லத்தின் பெயர் ‘அடைக்கலம்’. ஆனால் எல்லோருக்கும் திரும்பிச்செல்ல வீடு இல்லை. சிலருக்கு அந்த வீடே காயத்தின் மூலம். 2019 இல் வெளியான, 43 அரசு மனநல மருத்துவமனைகள் பற்றிய ஆய்வில், உள்நோயாளிகளுள் சுமார் 36 விழுக்காட்டினர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே தங்கியிருந்தது தெரியவந்தது.

இதற்கு விடையாக ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் உருவானது. நான்கைந்து பேர் சேர்ந்து ஊருக்குள் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். உதவியாளர் ஒருவர் துணையிருப்பார். சமைப்பது, கடைக்குப் போவது, அண்டைவீட்டாருடன் பழகுவது ஆகியவை அவர்களின் அன்றாடம் ஆகின்றன. குருதி உறவில்லாத இடத்திலும் குடும்பத்தின் தன்மைகளை உருவாக்கினால் நலமீட்பு கூடும் என்பதை வந்தனாவும் குழுவினரும் 2015 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விளக்கினர். 1992 இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘முதலில் வீடு’ அணுகுமுறை இதற்கு நெருக்கமானது. குணமானபின் வீடு என்னும் வரிசையை மாற்றி, வீடு கிடைத்தால்தான் குணமாக முடியும் என்று அது கூறுகிறது.

சட்டம்

நடுவண் அரசு 2011 இல் அமைத்த மனநலக் கொள்கைக் குழுவில் வந்தனா உறுப்பினராக இருந்தார். தேசிய மனநலக் கொள்கை 2014 இல் வெளியானது. அடுத்து வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பின்வருவனவற்றை உறுதிசெய்கிறது:

• குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது (பிரிவு 19).
• மனநோயாளியைச் சங்கிலியால் பிணைக்கக் கூடாது (பிரிவு 95).
• தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் அலைபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காவல்நிலைய அறையில் அடைக்கக் கூடாது. வீடற்றவராயின் குடும்பத்தைத் தேட வேண்டும் (பிரிவு 100).

எல்லைப் பகுதிகளில் இக்கடமை கூடுதல் கவனம் கோருகிறது. ஓசூர், ஜவளகிரி வட்டாரத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்குகின்றன. ஓசூர்த் தொழிற்சாலைகளை நாடி வடமாநிலத் தொழிலாளரும் வருகின்றனர். இத்தகைய இடத்தில் ஒருவர் பேசுவது பிதற்றலா, பிறமொழியா என்பதை அறிய அம்மொழி தெரிந்தவரை அழைப்பது முதல் தேவையாகும். அவர் சொல்லும் ஊர்ப்பெயரைப் புரிந்துகொண்டால்தான் குடும்பத்தைத் தேட வழி பிறக்கும். தெருவில் இப்படி ஒருவரைக் காண்பவர்கள் 112 அவசர எண்ணிலோ 108 அவசர ஊர்தி எண்ணிலோ தெரிவிக்கலாம்.