தியானம் நமது இல்லங்களுக்கு அந்நியமானதா?

"பிரஷர் கூடியிருக்கிறது, இரவில் தூக்கமும் இல்லை. மாத்திரையோடு கொஞ்சம் தியானமும் செய்து பாருங்கள் என்று டொக்டர் சொல்கிறார். அது நமக்கு ஆகுமா, மௌலவி?"

மாத்தளையிலும் உக்குவளையிலும் பெண்களுக்கான மார்க்க வகுப்புகளில் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. கேட்பவர்களில் கணவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளையும் மாமியாரையும் தனியே பார்த்துக் கொள்பவர்கள் உண்டு. பரீட்சை எழுதப் போகும் பிள்ளையின் பயத்தைத் தாமும் சேர்ந்து சுமக்கும் தாய்மார் உண்டு. "கூடாது" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவது இலகு. "எல்லாம் ஒன்றுதான், போய்ச் செய்யுங்கள்" என்பதும் இலகு. இரண்டுமே அச்சகோதரிகளின் உள்ளத்துக்கு மருந்தாகாது. எனவே தியானம் என்பது என்ன, அதன் வகைகள் எவை, நம்மிடம் இருப்பது என்ன என்பவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தியானம் என்றால் என்ன?

அலைந்து திரியும் மனதை ஒரு பொருளில் நிறுத்துவதும், அது நழுவும்போது மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டு வருவதுமே தியானம். எந்தப் பொருளில் நிறுத்துவது, எந்த நம்பிக்கையோடு நிறுத்துவது என்பதில்தான் சமயங்கள் வேறுபடுகின்றன.

மாத்தளை நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில், தம்புள்ளை வீதியோரம் அலுவிஹாரை இருக்கின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடமாக அது போற்றப்படுகின்றது. அந்த மரபிலே வந்த நமது அயலவர்களிடம் மூன்று முறைகள் பெரிதும் வழங்குகின்றன. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பது ஆனாபானசதி. உடலிலும் மனதிலும் தோன்றி மறைபவற்றை உள்ளபடி பார்ப்பது விபஸ்ஸனா. எல்லா உயிர்களும் நலமாய் இருக்க வேண்டும் என்று எண்ணுவது மெத்தா. இந்துக்களிடத்தில் ஒரு நாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜபம் உண்டு.

இவற்றிலிருந்து சமயப் பகுதியை நீக்கிவிட்டு வைத்தியர்கள் எடுத்துக்கொண்ட முறைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஜோன் கபாட் சின் என்பவர் 1979இல் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் நோயாளிகளுக்காக இத்தகைய பயிற்சியொன்றைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1975இல், ஹார்வர்டைச் சேர்ந்த டொக்டர் ஹேர்பர்ட் பென்சன் ஒரு நூல் வெளியிட்டார். அமைதியாக அமர்ந்து, மூச்சோடு ஒரு சொல்லைத் திரும்பச் சொன்னால் இதயத் துடிப்பும் மூச்சின் வேகமும் குறைகின்றன என்று அதில் விளக்கினார். அந்தச் சொல் அவரவர் சமயத்தின் சொல்லாகவே இருக்கலாம் என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். 2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை டிசம்பர் 21ஆம் திகதியை உலக தியான தினமாகப் பிரகடனம் செய்தது. அப்பிரேரணையை முன்னின்று கொண்டுவந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று.

நம்மிடம் இருப்பவை

சகோதரிகளே! நபி (ஸல்) அவர்கள் வஹீ வருவதற்கு முன்னர் ஹிரா குகையில் தனித்திருந்ததை நாம் அறிவோம். வஹீ வந்த பின் அவர்கள் மக்களோடும் குடும்பத்தோடும் வாழ்ந்தார்கள். தனிமைக்கு ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் இஃதிகாஃப் இருந்தார்கள். ஆகவே, வீட்டைத் துறந்து ஓடுவது நமது வழியல்ல. வீட்டுக்குள்ளேயே உள்ளத்துக்கு ஓர் இடம் அமைப்பதே நமது வழி. அதற்கான வகைகள் நான்கு.

முதலாவது, திக்ர். நாவினாலோ உள்ளத்தினாலோ அல்லாஹ்வை நினைவுகூர்வது. அவனை நினைவுகூர்வதால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்பது அர்ரஃது அத்தியாயத்தின் 28ஆம் வசனம் தரும் போதனை. நம் நாட்டில் காதிரிய்யா, ஷாதுலிய்யா போன்ற தரீக்காக்களின் மஜ்லிஸ்களில் கூட்டாக திக்ர் செய்யும் வழக்கம் உண்டு. நக்ஷபந்திகள் சப்தமில்லாத திக்ருக்கு முதலிடம் தருவர். இவற்றின் சில முறைகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஆனால் தனிமையில் அமைதியாகச் செய்யும் திக்ரில் எவருக்கும் பிணக்கில்லை.

இரண்டாவது, தஃபக்குர், அதாவது சிந்தித்தல். நின்றும் இருந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைத்து, வானம் பூமியின் படைப்பைச் சிந்திப்போரை ஆலஇம்ரான் அத்தியாயம் (3:191) புகழ்கின்றது. இதற்குத் தூரம் போகத் தேவையில்லை. மாத்தளைத் தோட்டத்துச் சாதிக்காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள். வெளியே தடித்த தோல், உள்ளே சிவப்பு வலைபோன்ற வசவாசி, அதனுள் ஓடு, ஓட்டுக்குள் மணக்கும் பருப்பு. கறிக்குப் போடும் முன் ஐந்து நிமிடம் அதைக் கையில் வைத்துப் பார்த்தால் அதுவே தஃபக்குர்.

மூன்றாவது, முராகபா. அல்லாஹ் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்ற உணர்வில் உள்ளத்தை இருத்துவது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து கேட்டபோது, இஹ்ஸானுக்கு நபியவர்கள் தந்த விளக்கமே இதன் வேர்.

நான்காவது, முஹாஸபா. படுக்கைக்குப் போகுமுன் அன்றைய நாளைக் கணக்குப் பார்ப்பது. யாரைக் கடிந்தேன், எதற்கு நன்றி சொல்லவில்லை என்று தன்னையே கேட்பது.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவின் கடைசிப் பகுதியில் முராகபா, முஹாஸபா பற்றி ஒரு நூலும் தஃபக்குர் பற்றி ஒரு நூலும் தனியாக எழுதியுள்ளார்கள். இவற்றுக்கெல்லாம் தாயாக இருப்பது ஐவேளைத் தொழுகை. தொழுகையை விட்டுவிட்டுத் தியானம் தேடுவது, கிணற்றடியில் நின்றுகொண்டு தண்ணீருக்கு அலைவதாகும்.

திருகையின் அருகே தந்த பாடம்

அன்னை ஃபாத்திமா (ரழி) அவர்கள் திருகை சுழற்றிச் சுழற்றிக் கைகள் நோக, பணியாள் ஒருவர் கிடைப்பாரா என்று கேட்கத் தந்தையிடம் போனார்கள். அன்றிரவு நபியவர்கள் மகளின் வீட்டுக்கு வந்து, படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவைகள் சொல்லும்படி கற்றுக் கொடுத்தார்கள். அது பணியாளைவிடச் சிறந்தது என்றார்கள். களைத்த ஒரு குடும்பப் பெண்ணுக்குத் தரப்பட்ட தியானம் இது. அதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம்தான்.

இதைக் காட்டி மனைவியின் சுமையைக் கண்டுகொள்ளாதிருக்க எந்தக் கணவருக்கும் உரிமையில்லை. அதே நபியவர்கள் தம் வீட்டு வேலைகளில் பங்கெடுத்தவர்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அறிவிக்கின்றார்கள். மனைவி கால் மணி நேரம் முஸல்லாவில் இருக்கும்போது அழும் பிள்ளையைத் தூக்குவதும் இபாதத்தே.

தொடங்குவது எப்படி?

ஸுபஹ் தொழுகைக்குப் பின், அடுப்படிக்குப் போகுமுன், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முஸல்லாவிலேயே வசதியாக உட்காருங்கள். கால் நோவு உள்ளவர்கள் கதிரையில் இருக்கலாம். தோள்களைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக விட்டு, இஸ்திஃபார் சிலமுறை சொல்லுங்கள். பின்பு ஒரேயொரு திக்ரைத் தெரிந்துகொண்டு, பொருளை நினைத்தபடி நிதானமாக ஓதுங்கள். இடையில் பள்ளிக்கூடச் சாப்பாடும் கரண்ட் பில்லும் நினைவுக்கு வரும். வரட்டும். கோபப்படாமல் திக்ருக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவதுதான் பயிற்சி. இறுதியில் இரண்டு நிமிடம் மௌனமாக, அவன் பார்க்கின்றான் என்ற உணர்வோடு இருந்து, துஆவுடன் முடியுங்கள். மாதவிடாய் நாட்களிலும் திக்ரின் வாசல் மூடப்படுவதில்லை.

கவனிக்க வேண்டியவை

வைத்தியர் சொல்லும் மூச்சுப் பயிற்சி உடலுக்கான பயிற்சி. அதில் தவறு காண முடியாது. ஆனால் பிற தெய்வங்களின் நாமம் சொல்லுதல், உருவங்களை வணங்குதல், தன்னையே இறைவனாக எண்ணுதல் ஆகியவை சேர்ந்தால் விலகிக் கொள்ளுங்கள். பெருந்தொகை கேட்பவரிடமும், தன்னைக் கண்மூடிப் பின்பற்றச் சொல்பவரிடமும் போகாதீர்கள். அயலவரின் முறையை ஏளனம் செய்யவும் வேண்டாம்.

மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். அமெரிக்க இதய சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கையும் தியானத்தை வழமையான சிகிச்சையோடு சேர்க்கக்கூடிய துணையாகவே கூறியது. நீண்ட நாள் சோகம், காரணமில்லாத பயம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் தனியே உட்கார்ந்து திக்ர் மட்டும் செய்துகொண்டிருக்கக் கூடாது. அது ஈமானின் குறைவு அல்ல, நோய். வைத்தியரிடம் போக வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. நோய்க்கு மருந்து செய்யுமாறு ஏவியவர்களும் நமது நபியவர்களே.

நாளை ஸுபஹுக்குப் பின் பத்து நிமிடத்தோடு தொடங்குங்கள். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது. நம் இல்லங்களில் ஸகீனத்தை இறக்கி வைப்பானாக, ஆமீன்.