வந்த பணம் எங்கே போச்சு? பாஸ்புக்கை வரி வரியாகப் படியுங்கள்!

வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விதை, உரம், பூச்சி பற்றிக் கேட்பார்கள். மீதிப் பேர் கேட்பது, ‘பணம் இன்னும் ஏறலீங்களே சார்’ என்பதுதான். பி.எம். கிசான் தவணை, பயிர்ச்சேத நிவாரணம், மானியம் எல்லாமே இப்போது நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகின்றன. கணினியில் பார்த்தால் பல பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தே இருக்கும். சேர்ந்த அன்றே அதில் ஒரு பகுதியை வங்கி எடுத்திருக்கும்.

எங்கள் வட்டாரத்தில் ஒன்றேகால் ஏக்கரில் மணிலா போடும் ஒரு அம்மா, பாஸ்புக்கை மேசை மேல் வைத்தார். பி.எம். கிசான் 2,000 ரூபாய் வரவாகியிருந்தது. அதே தேதியில் 118 ரூபாய் ஆறு முறை, 177 ரூபாய் ஒரு முறை, 17 ரூபாய் 70 காசு ஒரு முறை பற்று வைக்கப்பட்டிருந்தது. மொத்தம் 902 ரூபாய் 70 காசு! “நாலு வாட்டி போயிட்டேன் சார். கம்ப்யூட்டர் தானா எடுக்குது, நாங்க என்னாம்மா பண்றதுன்னு சொல்லிட்டாங்க. விதை மணிலாவுக்கு வெச்சிருந்த கணக்கு இது” என்றார்.

கம்ப்யூட்டர் தானாக எதையும் எடுப்பதில்லை. வங்கி போட்டுவைத்த விதிப்படி எடுக்கிறது. அந்த வங்கிக்கு மேலே ரிசர்வ் வங்கி போட்ட விதியும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

118 ரூபாய் என்பது என்ன?

வங்கிக் கட்டணம் எதுவானாலும் அதன் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி சேரும். அதனால் 100 ரூபாய் கட்டணம் 118 ஆகும். 150 ரூபாய் 177 ஆகும். 15 ரூபாய் 17.70 ஆகும், 250 ரூபாய் 295 ஆகும். இப்படிப்பட்ட எண்கள் கண்ணில் பட்டால் அது கட்டணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அந்த அம்மாவின் கணக்கில் 118 என்பது குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான அபராதம். 177 ஏ.டி.எம் கார்டுக்கான ஆண்டுக் கட்டணம். 17.70 குறுஞ்செய்திக்கானது.

மே மாதக் கடைசியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடித்திருந்தால் அது அபராதம் அல்ல. 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் பிரதமர் ஆயுள் காப்பீடு. இரண்டுக்கும் உங்கள் சம்மதம் வேண்டும். கையெழுத்துப் போட்ட ஞாபகம் இல்லையென்றால் சம்மதப் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால், 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. கோபத்தில் அதை நிறுத்திவிடாதீர்கள் என்பது என் யோசனை.

பாஸ்புக்கில் ஆங்கிலச் சுருக்கெழுத்தாக இருக்கிறது, எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். என்ன கட்டணம், எதற்காக என்பது புரிகிற மாதிரி பதிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. புரியாத வரிக்கு அருகில் பென்சிலால் கோடு போட்டு, ‘இது என்ன?’ என்று கேட்பது உங்கள் உரிமை.

அபராதத்துக்கும் வரம்பு உண்டு

குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் வங்கி உடனே அபராதம் போட முடியாது. 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் முதலில் தெரிவிக்க வேண்டும். இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்றபடிதான் அபராதமும் இருக்கலாம். இந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது.

ஸ்டேட் வங்கி 2020-ல் இந்த அபராதத்தைக் கைவிட்டது. 2025-ல் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி ஆகியவையும் கைவிட்டன. உங்கள் வங்கி இன்னும் பிடிக்கிறது என்றால், கணக்கையே ‘அடிப்படை சேமிப்புக் கணக்காக’ மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதில் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. ஏ.டி.எம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை. மாதம் நான்கு முறை வரை இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஜன் தன் கணக்கும் இந்த வகைதான். ஒரு நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

ஓவர்டிராஃப்ட் என்றால் கடன்

ஜன் தன் கணக்கில் தகுதி உள்ளவர்களுக்கு 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட் கிடைக்கும். ‘அரசாங்கம் கொடுத்த பணம்’ என்று நினைத்து எடுத்துவிட்டு, அடுத்த நிவாரணத் தொகை கழிந்து வரும்போது அதிர்ச்சி அடைகிறார்கள். அது வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

கிசான் கிரெடிட் கார்டும் ஏறக்குறைய அப்படித்தான். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்து வட்டி. 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவிகிதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவிகிதம் சலுகை போக 4 சதவிகிதம். கெடு தாண்டினால் அந்தச் சலுகை போச்சு. லட்சத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் நஷ்டம். கெடு தேதியை வங்கி ஞாபகப்படுத்தும் என்று காத்திருக்காதீர்கள். பாஸ்புக் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். கெடு தவறிய கடனுக்கு ‘அபராத வட்டி’ என்று போடுவதை 2024 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி நிறுத்தியிருக்கிறது. அபராதக் கட்டணம் விதிக்கலாம். ஆனால், அதை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது.

டிராக்டர், பைக் தவணை இருப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம். தவணை நாளில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கியும் கட்டணம் போடும், நிதி நிறுவனமும் போடும். பால் பணம் 10-ம் தேதி வருகிறது, தவணை 5-ம் தேதி என்று இருந்தால், தேதியை மாற்றித் தரும்படி நிதி நிறுவனத்திடம் கேளுங்கள்.

வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

கவுன்டரில் சத்தம் போட்டு எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவரும் பத்து ஊருக்கு ஒற்றை ஆளாக வேலை பார்க்கிறவர். எழுத்துக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம்கூட இல்லை: ‘கிளை மேலாளர் அவர்களுக்கு, என் கணக்கில் இன்ன தேதியில் 118 ரூபாய் வீதம் ஆறு முறை பிடிக்கப்பட்டுள்ளது. இதற்கு முன் எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. அறிவிப்பு அனுப்பியதற்கான ஆதாரத்தைத் தரவும். இல்லையென்றால் தொகையைத் திரும்ப வரவு வைக்கவும். என் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும்.’ பாஸ்புக் பக்கத்தின் நகலை இணைத்தோம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வரச் சொன்னேன். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பலாம். மூன்றாவது வாரம் 708 ரூபாய் திரும்ப வந்தது. கார்டு, குறுஞ்செய்திக் கட்டணம் வரவில்லை. கணக்கு மாறிவிட்டது.

கொடுத்து 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே திட்டம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். முத்திரை வாங்கிய நகல் இல்லாமல் அங்கே போனால் முதலில் வங்கியில் கொடுக்கச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு முன்னோடி வங்கி மேலாளரும் வருவார். அங்கேயும் மனுக் கொடுக்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பற்றிய புகார் என்றால் சரகத் துணைப்பதிவாளரிடம் போக வேண்டும். குறைதீர்ப்பாளர் அதைப் பார்ப்பதில்லை.

‘பிடித்த பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓ.டி.பி சொல்லுங்கள்’ என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். எந்த வங்கியும் அப்படிக் கேட்காது.

வாசகர்கள் கேட்டவை

*பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தை என்னைக் கேட்காமலே கடன் கணக்கில் பிடித்துவிட்டார்கள். சரியா?*

கடன் வாங்கிய விவசாயிக்கும் 2020 காரீஃப் பருவத்திலிருந்து பயிர்க் காப்பீடு கட்டாயம் இல்லை. ஆனால், வேண்டாம் என்பதைக் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்னதாக நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிடிப்பார்கள். பிடித்தபின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சர்வே எண், பயிர் பெயர் சரியா என்று பாருங்கள். வங்கியின் தவறால் பதிவு விடுபட்டால், இழப்பீட்டுக்கு வங்கியே பொறுப்பு.

*ஏழெட்டு வருஷமாகத் தொடாத கணக்கு ஒன்று இருக்கிறது. திறக்கப் போனால் அபராதம் கேட்பார்களா?*

இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கு ‘செயல்படாத கணக்கு’. அதில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் போடக் கூடாது. மறுபடி இயக்கவும் கட்டணம் கிடையாது. ஆதார், பான் அல்லது படிவம் 60, இரண்டு புகைப்படங்களோடு போங்கள். பழைய பாஸ்புக் கிழிந்திருந்தாலும் எடுத்துப் போங்கள், கணக்கு எண் அதில்தான் இருக்கும்.