காபி மலை ஊரின் சதுக்கத்தில்: விலை தெரியணும், பெயரும் இருக்கணும்



காலையில் எழுந்ததும் காபி குடிக்கிறோம். அதை விளைவிக்கும் குடும்பம் எங்கே, எப்படி விற்கிறது என்று யோசித்ததுண்டா? வாங்க, ஒரு காபி ஊருக்குப் போய்ப் பார்ப்போம்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் ஆந்தியோக்கியா பகுதியில் உள்ள மலை ஊர் ஹார்தீன். 'தோட்டம்' என்று பொருள். மெடலின் நகரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். நம்ம ஊருக்குத் தேரடி மாதிரி அந்த ஊருக்குச் சதுக்கம். ஒரு பக்கம் கருங்கல்லால் கட்டிய பெரிய தேவாலயம். சுற்றிலும் வண்ணக் கதவும் மாடமுமாக ஓட்டு வீடுகள். 1985இல் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். வண்ணம் பூசிய நாற்காலிகளில் உட்கார்ந்து 'திந்தோ' எனும் பால் கலக்காத காபி குடிக்கிறார்கள்.

வார இறுதியில் மலைக்கிராமத்து விவசாயிகள் வந்து கூடுவார்கள். உள்ளே ஆட்களும் மேலே மூட்டைகளுமாக வரும் 'சீவா' பேருந்தைப் பார்க்கவே அழகு!

விலை எப்படிப் போடுகிறார்கள்?

கொலம்பியக் காபி விவசாயிகளுக்கு 1927இல் தொடங்கிய தேசியக் கூட்டமைப்பு இருக்கிறது. அது தினமும் கொள்முதல் விலையை அறிவிக்கிறது. நியூயார்க் சந்தை விலை, டாலர் மதிப்பு, கொலம்பியக் காபியின் தரம் ஆகியவற்றை வைத்து விலை அமையும். கணக்கு 125 கிலோ 'பார்ச்மெண்ட்' காபிக்கு. அதாவது பழத்தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய, மேல் ஓடு எடுக்காத கொட்டை.

நம்ம ஊரில் பாலுக்குக் கொழுப்பு பார்ப்பது போல அங்கே ஈரமும் தேறுதலும் பார்ப்பார்கள். ஈரம் 10 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டும். 94 கிலோவில் 70 கிலோ ஏற்றுமதிக் கொட்டை தேறினால் அறிவித்த விலை. அதைவிட நன்றாகத் தேறினால் கூடுதல் விலை. சரியாகக் காயாவிட்டால் விலை குறையும்.

மூட்டை யார் பெயரில்?

பழம் பறிப்பதிலும் காயவைப்பதிலும் பெண்கள் கை நிறைய இருக்கிறது. கூலியாட்களுக்குச் சமைப்பதும் அவர்கள்தான். ஆனால் மூட்டையோடு ஊருக்குப் போய்ப் பணம் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டமைப்பில் உறுப்பினர் அட்டை உண்டு. அட்டை இருந்தால்தான் விவசாயிகள் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், போட்டியிடலாம். உறுப்பினர்களில் பெண்கள் சுமார் பத்துக்கு மூன்று பேர்தான். வேலையில் பங்கு இருந்தும் பெயர் இல்லை என்றால் பணத்திலும் முடிவிலும் பேச்சு எடுபடாது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. மிளகாயோ, புளியோ, பாலோ விற்கும் முன் அன்றைய விலை நமக்குத் தெரியுமா?
2. எதற்காக விலையைக் குறைக்கிறார்கள் என்று விளக்கம் கேட்கிறோமா?
3. எடை போடும்போது பக்கத்தில் நிற்கிறோமா?
4. ரசீதும் பணமும் யார் பெயரில் வருகின்றன?

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த நான்கையும் பேசுங்கள். விளைவிக்கத் தெரிந்த நமக்கு விற்கவும் தெரியணும்!