பூட்டத் தெரிந்த கைகள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானின் பெரிய வீடுகளில் தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலியப் பளிங்கு, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. எல்லாம் கப்பலேறித் தனித்தனியாக வந்தவை. அவற்றை இழைத்து, இணைத்து, முகப்பும் வளவும் கொண்ட வீடாக நிறுத்தியவர்கள் நம் ஆசாரிகளும் கொத்தனார்களும். அந்த வீடுகளின் வாசலில் வந்து நின்ற பழைய கார்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

காரை முழுசாகக் கப்பலில் ஏற்றினால் இடம் அடைக்கும். கழற்றி மரப்பெட்டிகளில் அடைத்தால் சுருங்கும். அப்படி வந்த உதிரிகளை இங்கே பூட்டி ஓடவிடும் வேலையை ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1920-களிலேயே இந்தியாவில் தொடங்கிவிட்டன. சென்னையின் முறை 1948-இல் வந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் கைகோத்து 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா'வை நிறுவின. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. முதலில் பூட்டியது வேன்கார்டு கார்.

அந்தக் காலத்துக் காரைப் பூட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வெறும் சேஸிஸ். அதில் ஸ்பிரிங், ஆக்ஸில், பிரேக் குழாய்கள் ஏறும். அடுத்து எஞ்சினும் கியர்பாக்ஸும் சங்கிலியில் தொங்கி இறங்கும். இன்னொரு பக்கம் பாடி துரு நீக்கி, பிரைமர் பூசி, பெயின்ட் அடித்துக் காயும். இரண்டும் சந்தித்து, பாடி சேஸிஸில் உட்காரும் நிமிடம்தான் கார் பிறக்கும் நிமிடம். பிறகு ஒயரிங், கண்ணாடி, சீட், கடைசியில் சோதனை ஓட்டம். 1913-இல் ஹென்றி ஃபோர்டு இந்த வேலையை நகரும் வரிசையில் போட்டபோது, 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேஸிஸ் வேலை ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது.

1961-இல் சென்னையில் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பூட்டுவதற்கென்றே பிறந்தது போன்ற கார். அதன் மூலமான, அதே கவென்ட்ரி கம்பெனியின் டிரயம்ஃப் ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. அந்தக் கம்பெனிக்குப் பாடி செய்து தந்துவந்த ஆலை 1953-இல் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போனதால், முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. ஆகவே பல துண்டுகளாகச் செய்து, சேஸிஸ் மேல் போல்ட்டு போட்டு இணைத்தார்கள். அங்கே நெருக்கடியில் பிறந்த யோசனை, இங்கே பெரிய பிரஸ் இல்லாத தொழிற்சாலைக்கு வரமானது. 948 சிசி எஞ்சின். மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் முன் டயரிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

ஆனால் பூட்டுவதோடு நிற்க அரசு விடவில்லை. பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்யத் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று 1953-இல் முடிவானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின, ஸ்டாண்டர்டு தங்கியது. இரண்டு கதவு ஹெரால்டு இங்கே நான்கு கதவானது. அடுத்து 1972-இல் வந்த கசல் காரில் பின் ஆக்ஸிலும் மாறியது. பளிங்கு வந்திறங்கிய செட்டிநாட்டில் உள்ளூர் ஆத்தங்குடித் தரைக்கல் தழைத்ததைப் போன்றதுதான் இது.

செட்டிநாட்டின் காரைக்குடிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அதே 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். பம்பருக்குக் குரோம் முலாம், ஓடவைக்கும் பேட்டரி, தகட்டைத் தின்னும் துரு என்று காரைப் பூட்டுகிறவர் அன்றாடம் சந்திக்கும் மூன்றும் அந்த ஆய்வகத்தின் பாடங்கள். இன்று அங்கே லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது.

ஸ்டாண்டர்டு 1988-இல் மூடப்பட்டது. பழைய கார்களைப் பார்க்கும்போது வரைந்தவர் பெயரைச் சொல்கிறோம், வைத்திருப்பவரைப் பாராட்டுகிறோம். நிலையைச் செதுக்கிய ஆசாரியின் பெயர் அந்த நிலையில் இல்லாததைப் போல, பூட்டியவரின் பெயர் காரில் இல்லை. எங்காவது ஒரு ஹெரால்டைக் கண்டால் பானட்டைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். வரிசையாகத் தெரியும் அந்த போல்ட்டுகள், வண்டலூரில் யாரோ ஒருவர் தம் கையால் இறுக்கியவை. அவர் போட்ட கையெழுத்து அதுதான்.