தெரிந்த சொல்லைத் தேடிப் பாருங்கள்

உங்கள் பாஸ்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவர் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ போய்வர அனுமதிக்கும்படி, குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். ‘லெட்’ என்றால் ‘விடு’, ‘அனுமதி’ என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்தப் பொருளை இங்கே பொருத்தினால் ‘அனுமதி இல்லாமல் போக அனுமதியுங்கள்’ என்று வாக்கியம் தலைகீழாகிவிடும். இந்த இடத்தில் ‘லெட்’ என்றால் தடை. ‘தடையோ இடையூறோ இன்றி’ என்பதே அந்த வரியின் பொருள்.

ஒரே சொல்லுக்கு இப்படி எதிரெதிரான பொருள் எப்படி வந்தது? ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். ஒன்று விடுவதைக் குறித்தது. மற்றொன்று தடுப்பதையும் தாமதப்படுத்துவதையும் குறித்தது. இரண்டாவது சொல் இன்றைய ‘லேட்’டுக்கு உறவு. நாளடைவில் உச்சரிப்பு தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடரப் போகும் இளவரசனை நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னை ‘லெட்’ செய்பவனைக் கொன்றுவிடுவேன் என்று அவன் சீறுகிறான். தடுப்பவனை என்று படித்தால்தான் காட்சி விளங்கும். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு கட்டத்துக்குள் விழுந்தால் ‘லெட்’ என்கிறார்களே, அதுவும் இந்தப் பழைய தடைதான் என்பது அகராதிகள் சொல்லும் விளக்கம்.

பழைய ஆங்கிலக் கடிதங்களையும் தஸ்தாவேஜுகளையும் தமிழாக்குவது என் தொழில். இத்தனை வருட அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கடினமான சொல் யாரையும் ஏமாற்றுவதில்லை. தெரியாது என்பதால் அகராதியைப் பிரித்துவிடுகிறோம். நன்றாகத் தெரிந்த சொல்தான் சத்தமில்லாமல் காலை வாரிவிடும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் ‘ஃபேக்டரி’ என்று அடிக்கடி வரும். என்னிடம் பழக வரும் மாணவர்கள் தயங்காமல் ‘தொழிற்சாலை’ என்று எழுதுவார்கள். அந்தக் காலத்தில் வணிக முகவருக்கு ‘ஃபேக்டர்’ என்று பெயர். அவர் இருந்து வியாபாரம் செய்த இடம் ‘ஃபேக்டரி’. கிடங்கும் கணக்கறையும் தங்கும் அறைகளும் சேர்ந்த கட்டடம் அது. அங்கே தறி ஓடவில்லை. ஊர் ஊராக நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து வாங்கிய துணி, அங்கே மூட்டை மூட்டையாகக் கப்பலுக்குக் காத்திருந்தது. ‘பண்டகசாலை’ என்று போட்டால் பொருள் கச்சிதமாக உட்காரும். ‘தொழிற்சாலை’ என்று எழுதினால், 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் இங்கே ஆலை நடத்தியதாக ஒரு பொய் வரலாறு பிறந்துவிடும்.

‘ரைட்டர்’ என்ற சொல்லும் இப்படித்தான். ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னைக்கு வந்து இறங்கியது ‘ரைட்டர்’ வேலைக்கு. கடிதங்களை நகலெடுத்துக் கணக்கு எழுதும் அடிமட்ட உத்தியோகம் அது. அதிலிருந்து ஃபேக்டர், ஜூனியர் மெர்ச்சன்ட், சீனியர் மெர்ச்சன்ட் என்று படிப்படியாக ஏற வேண்டும். இங்கிலாந்தில் ‘ரைட்டர்’ என்றதும் நூலாசிரியர்தான் நினைவுக்கு வருவார். நம் காவல் நிலையங்களிலோ எழுத்து வேலை பார்ப்பவரை இன்றும் ‘ரைட்டர்’ என்றே கூப்பிடுகிறோம். ‘கலெக்டர்’ என்பதும் வரி வசூலிப்பவர் என்ற பொருளில் பிறந்த பதவிப் பெயர். வசூல் பின்னுக்குப் போய் மாவட்ட நிர்வாகம் முழுவதும் அவர் கைக்கு வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

சமயநூலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் லேவியராகமம் இரண்டாம் அதிகாரம் ‘மீட் ஆஃபரிங்’ பற்றிப் பேசுகிறது. அந்தக் காணிக்கையில் மாவு உண்டு, எண்ணெய் உண்டு, தூபவர்க்கம் உண்டு. இறைச்சி மட்டும் கிடையாது. அன்றைக்கு ‘மீட்’ என்றால் எந்த உணவும்தான். பொருள் சுருங்கிப்போய் வாசகர்கள் குழம்பியதால், 1885இல் வந்த திருத்தப் பதிப்பு அதை ‘மீல் ஆஃபரிங்’ என்று மாற்றியது. நம் பழைய தமிழ் வேதாகமம் ‘போஜனபலி’ என்று அழகாகச் சொல்லியிருக்கிறது. இனிப்புக்கு ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் ‘ஸ்வீட்மீட்’ என்ற பெயரில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

‘கேர்ள்’ ஒரு காலத்தில் ஆண் பெண் எந்தக் குழந்தையையும் குறித்தது. ‘சில்லி’ என்றால் அருள்பெற்றவர் என்றிருந்து, பிறகு அப்பாவி, இப்போது அசடு. ‘நைஸ்’ நேர்மாறான வழியில் போனது. ‘அறியாதவன்’ என்ற லத்தீன் சொல்லில் பிறந்து, முட்டாளைக் குறித்து, பிறகு நுணுக்கமானது என்றாகி, கடைசியில் இனிமையானது என்று ஆயிற்று.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? 1857இல் லண்டன் மொழியியல் அறிஞர்கள் தொடங்கிய பெரும் அகராதிப் பணி அதற்குக் காரணம். பொதுமக்களே பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் எந்த ஆண்டில், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் வந்தது என்பதை வாக்கியத்தோடு சிறு தாளில் எழுதி அனுப்பினார்கள். ஜேம்ஸ் மர்ரே என்ற பள்ளி ஆசிரியர் 1879இல் பொறுப்பேற்று, தன் வீட்டுத் தோட்டத்தில் போட்ட இரும்புத் தகரக் கொட்டகையில் அந்தத் தாள்களை அடுக்கி வைத்தார். ஒவ்வொரு பொருளையும் கால வரிசையில் நிறுத்துவதுதான் வேலை. முதல் பகுதி 1884இல் வந்தது. 1915இல் மர்ரே இறந்தபோதும் வேலை முடியவில்லை. 1928இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி நிறைவடைந்தது. நான்கு லட்சத்துக்கும் அதிகமான சொற்கள். பெரும்பாலும் கூலியே வாங்காத அந்த வாசகர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்தப் பேரகராதியை எல்லோராலும் வாங்க முடியாது. அதன் சுருக்கமான ‘ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு’ இரண்டு தொகுதிகளில் கிடைக்கிறது. அதிலும் பழைய பொருள் முதலில், புதியது பின்னால் என்றுதான் வரிசை. உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஷேக்ஸ்பியரோ பழைய பத்திரமோ படிக்கும் பிள்ளைகள் இருந்தால், புரியாத சொல்லோடு நிறுத்திவிடாமல், புரிந்ததாக நினைக்கும் சொல்லையும் அதில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.