ஆன்டெனாவின் நுனி எங்கே பார்க்கிறது?

இஞ்சிவிளையிலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். தெர்மாகோலில் தானே ரேடியோ விமானம் செய்து, அறுப்பு முடிந்த ஏலாவில் பறக்கவிட்டாராம். மூன்று தடவை நன்றாகப் பறந்தது. நான்காம் தடவை, ரிமோட்டை அதை நோக்கி நேராக நீட்டிப் பிடித்தும் சொன்னபடி கேட்காமல் ரப்பர் தோட்டத்துக்குள் போய் விழுந்துவிட்டது. பேட்டரி முழுக்க சார்ஜ் இருந்ததே, பின்னே என்ன காரணம் என்று கேட்கிறார்.

நேராக நீட்டிப் பிடித்ததே காரணமாக இருக்கலாம்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் திருநெல்வேலி வானொலி கேட்க, அப்பா டிரான்சிஸ்டரைத் திண்ணையில் வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பார். ஒரு நிலையில் பாட்டு தெளிவாக வரும். கால்வட்டம் திருப்பினால் அமுங்கிவிடும். உள்ளே விரல் பருமனில் கறுப்பாக ஒரு ஃபெரைட் தண்டு இருக்கும். அதன் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி குறையும், பக்கம் பார்த்தால் கூடும்.

ரிமோட்டிலும் இதே கதைதான். இப்போதைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன, அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். ஆன்டெனாவைச் சுற்றி அலை உளுந்துவடை போலப் பரவுகிறது. வடையின் ஓட்டையில் கம்பி நிற்கிறது. நுனி பார்க்கிற திசையில்தான் அலை மிகக் குறைவு. ஆகவே நுனியை விமானத்தின் பக்கம் காட்டவே கூடாது. ஆன்டெனாவைக் குறுக்காக மடக்கி வையுங்கள். விமானத்திலுள்ள ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய கம்பியில் கடைசி 3 சென்டிமீட்டர்தான் காது, மிச்சமெல்லாம் அது கேட்டதைக் கொண்டுசேர்க்கிற கம்பி. அந்தக் காது இரண்டு இருந்தால் செங்கோணத்தில் இருக்க வேண்டும். விமானம் சாயும்போது ஒன்று கேட்காவிட்டாலும் மற்றது கேட்கும். மழையில் நனைந்த ரப்பர் இலையும் வாழையும் நம் உடம்பும் தண்ணீர் நிறைந்தவை, இந்த அலையை விழுங்கிவிடும். தோப்புக்குப் பின்னால் விமானத்தை விடாதீர்கள்.

பறக்குமுன் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை ரேஞ்ச் செக்கில் போடுங்கள். அதில் சக்தி வெகுவாகக் குறையும். முப்பது தப்படி நடந்துபோய், இறக்கை மடலும் வாலும் நடுக்கமில்லாமல் அசைகின்றனவா என்று பாருங்கள். அடுத்து மோட்டாரை மெல்ல ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால், தொடர்பு அறுந்ததும் மோட்டாரை நிறுத்துகிற ஃபெயில்சேஃப் அமைக்கப்படவில்லை என்று பொருள். மற்ற நேரமெல்லாம் ரிமோட்டை முதலில் போட்டு, கடைசியில்தான் அணைக்க வேண்டும்.

2021 ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு விமானத்துக்கும் பொருந்தும். திருவனந்தபுரத்தில் விமான நிலையமும் தும்பா ராக்கெட் தளமும் இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். அதில் பச்சையாகக் காட்டிய பகுதியிலும் 120 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ரயில்பாதை ஊர்களுக்கு நடுவே போகிறது. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதில் விமானம் சிக்கினால் துரட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஸ்டேஷனில் சொல்லுங்கள்.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. பல நாள் ராத்திரி உட்கார்ந்து விமானம் செய்கிற பிள்ளைகள், இந்தப் பத்து நிமிடச் சோதனைக்குப் பொறுமை இல்லாமல், வீடியோவுக்காகத் திருவிழாக் கூட்டத்தின் மேல் ஓட்டுகிறார்கள். கீழே தோளில் குழந்தையோடு ஒருவர் நிற்பார். சுழலும் புரொப்பெல்லர் கத்திதான்.

விழுந்ததைத் தேடி எடுத்துவிட்டாராம் மாணவர். ஒட்டுப்போடும்போது ரிசீவர் கம்பிகளை கார்பன் குழாயிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் தள்ளி, ஒன்றை இறக்கையோடும் மற்றதை உடலோடும் டேப் வைத்து ஒட்டட்டும்.