பழைய விமான முனையம்: புதுப்பிப்பதா, இடித்துக் கட்டுவதா?

பழைய விமான முனையத்தைப் புதுப்பித்தால் போதுமா, இடித்துவிட்டுக் கட்ட வேண்டுமா என்பதை அதன் வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒழுகும் கூரை, திணறும் ஏ.சி., நின்றுபோகும் எஸ்கலேட்டர் எல்லாம் பழுதுகள்; பணம் செலவழித்தால் சரியாகும். தூண்களின் இடைவெளி, கூடங்களின் அகலம், விமானங்கள் நிற்கும் இடம் ஆகியவை கட்டடத்தின் சட்டகம். குறை அங்கே இருந்தால் எத்தனை முறை பூசி மெழுகினாலும் தீராது.

நியூயார்க்கின் லகுவார்டியா விமான நிலையத்தில் குறை சட்டகத்தில்தான் இருந்தது. 1964-இல் திறந்த மைய முனையம், ஆண்டுக்கு 80 லட்சம் பயணிகளுக்கெனத் திட்டமிடப்பட்டது. கூட்டம் அதைத் தாண்டிப் பெருகியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கடுமையான பாதுகாப்புச் சோதனைக்கு, தாழ்ந்த கூரையும் குறுகிய கூடங்களும் கொண்ட அந்தக் கட்டடத்தில் இடம் போதவில்லை. ஒருபுறம் ஃப்ளஷிங் விரிகுடா, மறுபுறம் நெடுஞ்சாலை. 680 ஏக்கருக்குள் விரிவாக்க வழியும் இல்லை. எனவே புதிய முனையத்தை நெடுஞ்சாலைப் பக்கமாகத் தள்ளிக் கட்டினார்கள். மிச்சமான நிலம் விமானங்கள் நகரும் பாதையானது. பயணிகள் உயரமான பாலத்தில் நடக்க, அடியில் விமானங்கள் ஊர்ந்து செல்கின்றன.

2016-இல் தொடங்கிய பணியில், மைய முனையத்துக்குப் பதிலாக வந்த முனையம் பி-யின் முகப்புக் கட்டடம் 2020-இலும், டெல்டா நிறுவனத்தின் முனையம் சி 2022-இலும் திறந்தன. மொத்தச் செலவு சுமார் 800 கோடி டாலர். விமான நிலையத்தை ஒருநாளும் மூட முடியாது என்பதால், புதியதன் ஒரு பகுதி திறந்த பிறகே பழையதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் வண்டிகள் நகராமல் நிற்க, பெட்டியை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையோரம் நடந்த பயணிகளும் உண்டு.

சிங்கப்பூர் சாங்கியின் இரண்டாம் முனையம் வேறு வகை. 1990-இல் இயங்கத் தொடங்கிய அதன் சட்டகத்தை மாற்றும் தேவை எழவில்லை. புதுப்பிப்புப் பணி நடக்கையிலேயே, 2020 மே மாதம் பெருந்தொற்றால் முனையம் மூடப்பட்டது. பயணிகள் இல்லாததால் வேலை வேகமெடுத்தது. 2023 நவம்பரில் பணி முடிந்தபோது பரப்பு 21,000 சதுர மீட்டர் கூடியிருந்தது. ஆண்டுத் திறன் 50 லட்சம் உயர்ந்து 2.8 கோடியானது.

மூன்றாவது வழியும் உண்டு. நியூயார்க் ஜே.எஃப்.கே. நிலையத்தில் ஈரோ சாரினென் வடிவமைத்த, டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் முனையம் 1962-இல் திறந்தது. பெரிய விமானங்களுக்கும் பெருங்கூட்டத்துக்கும் அது பொருந்தவில்லை, 2001-இல் மூடப்பட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் இடிக்கவில்லை. அதன் பின்புறம் புதிய முனையம் 2008-இல் வந்தது. பழைய கட்டடம் 2019-இல் ஹோட்டலானது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சட்டகம். அடுத்து, வேலை நடக்கும்போது விமானப் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்பது. செலவுக் கணக்கு அதன் பிறகே. அந்தக் கணக்கில் கட்டுமான விலை மட்டும் போதாது. பல பத்தாண்டுகளுக்கான பராமரிப்பு, மின்சாரம், மூடிய வாயில்களால் இழக்கும் வருமானம், இடிக்கப்படும் கான்கிரீட்டுக்கு ஈடாகப் புதிதாக வார்ப்பதால் வெளியாகும் கார்பன் ஆகியவையும் சேர வேண்டும். சட்டகம் இடம் கொடுத்தால் புதுப்பிப்பதே சிக்கனம். இல்லையென்றால் ஒட்டுப்போடும் ஒவ்வோர் ஆண்டும் வீண்செலவு.